இறக்கம்

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இரவு பதினொன்றே கால்.
எல்லாப் பலகையும் எனக்குத் தெரிந்த எழுத்து.
அதுதான் கஷ்டம்.
எழுத்துத் தெரியாத ஊரென்றால்
கூச்சமில்லாமல் வாயைத் திறந்திருப்பேன்.

கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலப் பறப்பு
ஐந்து மணித்தியாலம் பிந்தியது.
குடிவரவு மேசையில் கேட்டார்கள்:
யாரைப் பார்க்க வந்தீர்கள்?
அக்காவை.
அவர் இந்தியரா?
அதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவதென்று
முப்பத்தைந்து வருடமாக
அக்காவுக்கே தெரியாது.

"திருமங்கலந்திருமங்கலந்திருமங்கலம்"
ஒரே மூச்சில் மூன்று தரம் கூவினார் கண்டக்டர்.
அண்ணை, உச்சப்பட்டிக்கு இது போகுமோ?
"கேம்புக்கா?"
ஓம்.
"நமச்சிவாய. ஏறுங்க."

பையில் ஒரு கிலோ கட்டாக் கருவாடு,
மூன்று பொலித்தீன் சுற்றியும் அடங்கவில்லை.
பக்கத்தில் இருந்தவரின் மடியில்
புத்தம்புது மின்விசிறி.
பிரேக் போடும்போதெல்லாம் ஒரு இறக்கை
என் விலாவைத் தொட்டுத் தொட்டு மன்னிப்புக் கேட்டது.
அவர் மூக்கை உறிஞ்சினார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலைத் திறந்தார்.

காசை நீட்டினேன்.
"பொம்பளைக்குக் காசில்லம்மா."
நான் வெளிநாடு அண்ணை.
மேலும் கீழும் பார்த்தார்.
"வெளிநாட்டுல பொம்பள இல்லயா?"
கிழித்துத் தந்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

பழங்காநத்தம்வரை அந்தச் சீட்டையே பார்த்திருந்தேன்.
பேர் கேட்காமல், பிறந்த இடம் கேட்காமல்
எந்த அரசாங்கமும் இதுவரை
எனக்கொரு துண்டுக் கடதாசி தந்ததில்லை.

பசுமலை. திருநகர். ஆர்வீபட்டி.
கூத்தியார்குண்டு என்றபோது
சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்தேன்.
டோல்கேட்டில் இறங்கச் சொன்னார் மின்விசிறிக்காரர்.
"அதெப்படி, அதுக்கு முந்தின ஸ்டாப்புல்ல?"
முன்சீட்டுக்காரர் திரும்பினார்.
நான் எங்கே இறங்க வேண்டுமென்று
என்னை விட்டுவிட்டு இருவரும் சண்டை பிடித்தார்கள்.

"கப்பலூர்!"
எட்டிப் பார்த்தேன்.
லொறிகள், லொறிகள், ஒரு டீக்கடை, மஞ்சள் வெளிச்சம்.
கடல் எத்தனை மைல் தள்ளி!
பேசாலையில் படகேறிய றெஜினா அக்காவை
கப்பலூருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர்
பகிடிக்குத்தான் செய்தாரோ தெரியாது.
படகு போன அன்று எனக்கு ஒன்பது வயது.
அவளின் ஒற்றைச் செருப்பு மட்டும் கரையில் கிடந்தது.

கைபேசியில் நீலப் புள்ளி
சிவப்புப் புள்ளியைத் தாண்டியது.
எழும்பினேன். கத்தினேன்.
இறக்கம்! இறக்கம்!

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
எந்த பஸ்ஸும் நிற்கும்.
இது நிற்கவில்லை.
முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.
"யார் மேலம்மா இரக்கம்?" என்றார் மின்விசிறிக்காரர்,
உண்மையாகவே, கவலையோடு.

எழுத்தில்தான் அவை இரண்டு சொல்.
வாயில் ஒன்று.
பன்னிரண்டு மணிக்கு ஓடும் பஸ்ஸில்
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி
இரக்கம் இரக்கம் என்று கத்துகிறேன்.
விசில் வாயிலேயே நிற்க
கண்டக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசிச் சீட்டில் ஒரு பையன் கண்ணைக் கசக்கினான்.
ஓட்டல் சட்டை, கையில் மாவு காய்ந்திருந்தது.
"இறங்கணுமாம்ணே. எங்கப்பாவும் இப்பிடித்தான் கத்துவாரு."

விசில்.

இருட்டு. பஸ்ஸின் சிவப்பு விளக்கு சின்னதாகி மறைந்தது.
"மன்னாரா?" என்றான்.
எப்பிடித் தெரியும்?
பையைக் காட்டிச் சிரித்தான்.
நீர் மன்னார் பார்த்திருக்கிறீரோ?
"நான் கொடைக்கானலே பாத்ததில்லக்கா."

தூரத்தில் ஒரு ரோச் வெளிச்சம் ஆடியது.
அக்காவின் மகளாக இருக்கவேண்டும்.
படத்தில் மட்டும் கண்டவள், நிரோஷினி.
"சித்தி, அங்கனயே நில்லுங்க! நாய் கெடக்கு!"

அங்கன.
அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன்.
எங்கே என்று கேட்கவில்லை.
நின்றேன்.

பையன் முன்னால் போய்
நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.